பேட்டரி விளக்கு எரிந்தால் பேட்டரி கடைக்கு ஓடாதீர்கள்

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு வாரத்தில் ஒரு நாளாவது போய் வருகிறவன் நான். ஏறக்குறைய 50 கிலோமீட்டர். புளியரை எஸ் வளைவில் ஏறத் தொடங்கினால் கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று ஒரே காடும் திருப்பமும்தான். நடுவழியில் வண்டி நின்றால் முன்னால் ஒரு பார லாரி, பின்னால் ஒரு பார லாரி, நடுவில் நாம்.

பழைய கார் ஒன்றை வாங்கிய புதிதில், ஆனி மாதச் சாரலில், தென்மலை தாண்டும்போது டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு சின்னப் பேட்டரிப் படம் எரிந்தது. பேட்டரிதான் போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, போகிற வழியில் ஒரு கடையில் புதுப் பேட்டரி போட்டுக்கொண்டேன். கடைக்காரர் மீட்டர் எதையும் வைத்துப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்டார்ட் செய்ததும் விளக்கு அணைந்துவிட்டது. பரம திருப்தி. சாயங்காலம் திரும்பும்போது ஆரியங்காவு ஏற்றத்தில் அதே விளக்கு மறுபடியும் எரிந்தது.

செங்கோட்டையில் வழக்கமாகப் பார்க்கும் எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி பானெட்டைத் திறந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் ஆல்டர்னேட்டரின் முதுகில் 'டொக் டொக்' என்று இரண்டு தட்டுத் தட்டினார். விளக்கு அணைந்தது. "தம்பி, படம்தான் பேட்டரி. விளக்கு சொல்றது டைனமோவை. நல்லா இருந்த பேட்டரியை மாத்திட்டு வந்து நிக்கியே" என்றார். உள்ளே சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் கரித்துண்டுகளான கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து, சுண்டுவிரல் நக அளவுக்குத்தான் மிச்சம் இருந்தன. தட்டும்போது தொட்டன, தட்டாதபோது விட்டன. சில நூறு ரூபாயில் முடிந்த வேலைக்கு நான் பல ஆயிரம் செலவழித்திருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்தச் செலவை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான்.

விளக்கு என்ன சொல்கிறது

எஞ்சின் ஓடும்போது காருக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் ஆல்டர்னேட்டர்தான் தருகிறது. நம் ஊர் ஒர்க்ஷாப்புகளில் அதை இன்னமும் 'டைனமோ' என்றே சொல்வார்கள். எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் அதைச் சுற்ற வைக்கிறது, அது பேட்டரியையும் நிரப்புகிறது. பேட்டரியின் வேலை ஸ்டார்ட் செய்யும்போது செல்ஃப் மோட்டாரைச் சுழற்றுவது, அப்புறம் ஓரமாக உட்கார்ந்து சார்ஜ் ஏற்றிக்கொள்வது. அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் 'சார்ஜ் ஏறவில்லை' என்று அர்த்தம். பேட்டரி கெட்டதா நல்லதா என்பது அதற்குத் தெரியாது.

பேட்டரி மட்டும் கிழடாகிப்போன வண்டியில் பெரும்பாலும் இந்த விளக்கு ஒழுங்காக அணைந்துவிடும். காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுவதுதான் அதன் அடையாளம். வேறுபாட்டை இங்கேயே பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆனில் மட்டும் வையுங்கள். விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்போ அதற்குப் போகும் வயரோ போயிருக்கிறது. இதை அலட்சியமாக விடாதீர்கள். பழைய வண்டிகள் பலவற்றில் அந்த பல்ப் வழியாகப் போகும் கொஞ்சூண்டு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும். பல்ப் போனால் சார்ஜும் சரியாக ஏறாது.

இனி ஸ்டார்ட் செய்யுங்கள். ஓரிரு நொடியில் விளக்கு அணைந்தால் நல்லது. ஐட்லிங்கில் மினுக்கி, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அணைகிறதா? பெல்ட் தளர்ந்திருக்கலாம், பிரஷ் தேய்ந்திருக்கலாம். காலையில் மட்டும் 'கீச்ச்' என்று கத்திக்கொண்டே எரிந்து, ஐந்து நிமிடத்தில் சத்தமும் விளக்கும் அடங்குகிறதா? ஈரத்தில் பெல்ட் வழுக்குகிறது. குற்றால சீசனில் இது சகஜம். விடாமல் எரிகிறது என்றால் சார்ஜ் அறவே இல்லை. அணைந்த மாதிரியும் இல்லாமல் எரிந்த மாதிரியும் இல்லாமல் மங்கலாக ஒரு ஒளி தெரிந்தால் என் சந்தேகம் முதலில் டயோடு மேல், அதாவது ஆல்டர்னேட்டருக்குள் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் பாகத்தின் மேல் போகும்.

மலைப்பாதையில் எரிந்தால்

முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். சில எஞ்சின்களில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் சார்ஜோடு தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும். முள் ஏறத் தொடங்கினால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் வண்டி என்றால் ஸ்டீயரிங்கும் கூடவே கனக்கலாம்.

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அவற்றில் பலவற்றில் பிரேக்குக்கு உதவும் வேக்கும் பம்ப், ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே பொருத்தப்பட்டிருக்கும். பெல்ட் போனால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆகிவிடும். பிரேக் பிடிக்காமல் போகாது, ஆனால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். எஸ் வளைவில் இறங்கும்போது இது நடந்தால், கியரைக் குறைத்து எஞ்சின் இழுவையில் வேகத்தை அடக்கி, அகலமான இடம் கிடைத்ததும் நிறுத்துங்கள்.

முள் ஏறவில்லை, பிரேக் ஸ்டீயரிங் எல்லாம் சரி, விளக்கு மட்டும்தான் எரிகிறது. அப்போது வண்டி பேட்டரியில் மிச்சம் இருக்கும் சார்ஜில் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சினை அணைக்காதீர்கள். மறுபடி ஸ்டார்ட் செய்ய செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த ஒரு இழுப்பில் மிச்சமும் போய்விடும். ஏசி, புளோயர், பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பவர் விண்டோவை ஏற்றி இறக்கி விளையாடாதீர்கள்.

எவ்வளவு தூரம் போகலாம்? ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்ப்போம். சின்ன பெட்ரோல் கார்களில் பொதுவாக 35 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். பெட்ரோல் பம்ப், இக்னிஷன், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட் 55 வாட் பல்ப் இரண்டு, அது 9 ஆம்பியர். வைப்பர் சில ஆம்பியர். ஏற்றத்தில் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தால் இன்னும் ஒரு பத்தாவது போகும். ராத்திரி மழையில் ஏறினால் மொத்தம் 30 ஆம்பியருக்கு மேல். காகிதத்தில் ஒரு மணி நேரம் வரும். ஆனால் பேட்டரி முழுக்கக் காலியாகும் வரை வண்டி ஓடாது. வோல்ட் இறங்கினாலே கம்ப்யூட்டர் தடுமாறும். பேட்டரியும் புதிதாக இருக்காது. அதனால் இரவு மழையில் அரை மணி நேரம் என்று வையுங்கள். பகலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனால் ஒரு மணி நேரம் எதிர்பார்க்கலாம்.

இந்தக் கணக்கை வைத்துத்தான் எங்கே போவது என்று முடிவெடுக்க வேண்டும். புளியரையில் எரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள், செங்கோட்டை பக்கம்தான். கோட்டைவாசல் தாண்டிவிட்டால் ஆரியங்காவு. கழுதுருட்டி வந்துவிட்டால் தென்மலை. ராத்திரியில் சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஹெட்லைட்டை அணைத்துவிட்டு மட்டும் ஓட்டாதீர்கள். எதிரே வரும் லாரிக்காரருக்கு நம் பேட்டரி கதை தெரியாது. வெளிச்சம் உள்ள கடைத்தெரு வந்ததும் நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துக்கொண்டு யோசிக்கலாம்.

சாகும் முன்னால் வண்டி அறிகுறி காட்டும். ஹெட்லைட் மஞ்சளாகும், வைப்பர் சோம்பும், இண்டிகேட்டர் சத்தம் மாறும், ஏபிஎஸ் விளக்கும் ஸ்டீயரிங் விளக்கும் வரிசையாக எரியும். எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் நின்று ஸ்டீயரிங் திடீரென்று கனக்கும். அது கடைசி மணி. திருப்பத்தில் மாட்டிக்கொள்ளாமல் உடனே ஓரம் ஒதுங்குங்கள்.

பானெட்டைத் திறந்து கண்ணால் பார்ப்பது

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, சூடு தணியட்டும். பிறகு பெல்ட். இருக்கிறதா என்று பாருங்கள்; சிரிக்காதீர்கள், சில நேரம் அதுவே விடை. இருந்தால், உள்பக்கப் பள்ளங்களில் குறுக்கு வெடிப்பு, நார் பிரிவது, கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏதாவது தெரிகிறதா? நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமாராக ஒரு சென்டிமீட்டர் அமுங்கலாம். தொளதொள என்று இருந்தால் தளர்ந்திருக்கிறது. தானாக இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உள்ள வண்டியில் பெல்ட் தளர்ந்திருந்தால் டென்ஷனரே போயிருக்கலாம், பெல்ட்டை மட்டும் மாற்றினால் பயனில்லை. பெல்ட் கத்துகிறது என்று சோப்பு, மெழுகு, பவுடர் தடவும் வைத்தியம் நம் பக்கம் உண்டு. சத்தம் நிற்கும், சார்ஜ் வராது.

மேலிருந்து கூலன்ட்டோ ஆயிலோ ஆல்டர்னேட்டர் மேல் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். அந்தக் கசிவை அடைக்காமல் புது ஆல்டர்னேட்டர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

அடுத்து பேட்டரி டெர்மினல். கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசைந்தால் தளர்ந்திருக்கிறது; பெரும்பாலான கார்களுக்கு 10 நம்பர் ஸ்பேனர் போதும். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைக் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு உப்பு கரையும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடிகளுக்குள் போய்விடக் கூடாது. நன்றாகத் துடைத்து, மாட்டி இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின்.

மைனஸிலிருந்து பாடிக்கும் கியர் பாக்ஸுக்கும் போகும் எர்த் வயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் மழை பெய்கிற பக்கம் இது. போல்ட்டுக்கு அடியில் துரு பிடித்துவிடும். கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினாலே தீர்ந்துபோன கேஸ்கள் உண்டு.

கடைசியாக ஆல்டர்னேட்டரின் பின்பக்கம். ரப்பர் தொப்பிக்கு அடியில் தடித்த வயர் ஒன்று நட்டில் முறுக்கியிருக்கும். பக்கத்தில் இரண்டு மூன்று மெல்லிய வயர்களோடு ஒரு கப்ளர் செருகியிருக்கும். தடித்த வயரில் எப்போதும் மின்சாரம் உண்டு, மைனஸைக் கழற்றாமல் அதில் ஸ்பேனர் வைக்காதீர்கள். கப்ளரை அழுத்திச் செருகிப் பாருங்கள். வண்டியைத் தோப்பு வீட்டில், பலாமரத்தடியில் விடுகிறவர்கள் எலிக் கடியையும் தேடுங்கள். பேட்டரி பிளஸ்ஸை ஒட்டிய பெட்டியில் பெரிய ஃபியூஸ்கள் இருக்கும். சார்ஜிங் ஃபியூஸ் அங்கேதான் போகும்.

மீட்டர் வைத்துப் பார்ப்பது

டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்கு எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுவிடுங்கள். குமிழைத் திருப்பி டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பிளஸ்ஸில், கறுப்பு முனை மைனஸில். சிவப்பு வயரை மீட்டரின் ஆம்பியர் துளையில் செருகிவிட்டு பேட்டரியில் வைக்காதீர்கள். உள்ளே ஃபியூஸ் போகும், சில மலிவு மீட்டர்களில் மீட்டரே போகும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் கதவைத் திறந்து ஆட்டுவதற்கு முன் எடுக்கும் எண்தான் பேட்டரியின் உண்மை நிலை. 12.6 என்றால் முழு சார்ஜ். 12.4 சுமார் முக்கால். 12.2 பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வையுங்கள். உடன் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு எண்ணைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும் அந்த நேரத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால், முழு சார்ஜ் இருந்தும் விழுகிறது என்றால், பேட்டரி பலவீனம்.

இப்போது எஞ்சின் ஓடட்டும். வேட்டி நுனி, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு கயிறு எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. மீட்டர் 13.8-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு, எஞ்சினை 1,500 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே வைத்தாலும் 13-க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போதும் 12.3, 12.2 என்று மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் அதுவும் கோளாறு: வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கொதித்து அழுகிய முட்டை வாடை வரும், பல்புகள் அடிக்கடி போகும். வாடை வந்தால் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

புதுக் கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். பேட்டரி நிறைந்திருக்கும்போது 13-க்கும் கீழே காட்டிவிட்டு, ஹெட்லைட் போட்டதும் 14-க்குத் தாவும். விளக்கு எரியாதவரை அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தது, ஏனென்றால் கெட்டது ஆல்டர்னேட்டரா வயரா என்பதை அது பிரித்துக் காட்டிவிடும். எஞ்சினும் ஹெட்லைட்டும் ஓட, சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் அந்தத் தடித்த வயர் நட்டிலும் கறுப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் வயரோ ஃபியூஸோ இணைப்போ சரியில்லை. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவிலும் இதேபோலப் பாருங்கள். 0.2-க்கு மேல் என்றால் எர்த். வயரிங் எல்லாம் சரி, சார்ஜ் மட்டும் இல்லை என்றால்தான் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டும்.

எஞ்சின் ஓடும்போதே மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரியில் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா? டயோடு போயிருக்கிறது. டயோடு கோளாறு ராத்திரியில் பேட்டரியைக் குடிக்கவும் செய்யும்.

கடையில்

இந்தப் பக்கம் அண்ணாச்சி, அந்தப் பக்கம் சேட்டன். மலைக்கு இருபுறமும் ஒர்க்ஷாப் பாஷை ஒன்றுதான்: பெல்ட், பிரஷ், டயோடு, பேரிங் என்று சொன்னால் போதும், புரிந்துவிடும். விளக்கு எரிகிறது என்று மட்டும் சொல்லாமல், எஞ்சின் ஓடும்போது இவ்வளவு வோல்ட், ஐட்லிங்கில் இப்படி, ரேஸ் கொடுத்தால் இப்படி என்று சொல்லுங்கள். கையில் எண் இருந்தால் பேச்சே வேறு மாதிரி நடக்கும்.

சிலர் இன்னமும் எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பார்கள். வண்டி நிற்காவிட்டால் டைனமோ நல்லது என்று கணக்கு. பழைய அம்பாசடர் காலத்து வித்தை அது. இன்றைய காரில் அந்த நொடியில் வோல்ட் எக்கச்சக்கமாக எகிறி, கம்ப்யூட்டரையே காலி செய்துவிடும். "வேண்டாம் அண்ணாச்சி, மீட்டர் இருக்கு" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

பிரஷ் மட்டும் போயிருந்தால் மலிவு. ரெகுலேட்டரும் பிரஷ்ஷும் ஒரே துண்டாக வரும் மாடல்களும் உண்டு. டயோடு பிளேட்டைத் தனியாக மாற்றலாம். சுற்றும்போது 'ஙொய்' என்ற இரைச்சல் இருந்தால் பேரிங். லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் எப்படியும் திறக்கிறார்கள் என்றால் பிரஷ், பேரிங் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்வேன், கூலி ஒன்றுதான். காயில் எரிந்திருந்தால் கருகிய வாடை அடிக்கும், அப்போது புதிது வாங்குவது நல்லது. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி நின்றேவிட்டால்

ஜம்ப் கேபிள் இருந்தால் நல்ல வண்டியின் பிளஸ்ஸிலிருந்து நம் பிளஸ்ஸுக்குச் சிவப்பு. அவர்கள் மைனஸிலிருந்து நம் எஞ்சினின் வெறும் இரும்புக்குக் கறுப்பு, பேட்டரி மைனஸில் வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். ஆனால் சார்ஜே ஏறாத வண்டியை ஜம்ப் செய்தால் கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்கும். பேட்டரிகளை மாற்றி மாற்றிப் போட்டு ஊர் சேர்ந்த டிரைவர்கள் இருக்கிறார்கள். சாதாரண ஆட்களுக்கு ரெக்கவரி வேன்தான் சரி. தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும், அதுவும் சமதரையில். மலை இறக்கத்தில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் ஆகாமல் போனால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனத்த வண்டியோடு வளைவில் நிற்க வேண்டிவரும்.

பழுது பார்த்ததும் முழுக்கக் காலியான பேட்டரியை ஆல்டர்னேட்டர் தலையில் கட்டாதீர்கள். கடையில் கொடுத்து மெதுவாகச் சார்ஜ் ஏற்றி வாங்குங்கள். வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி நிற்கட்டும். காலையில் முதல் வேலையாக மீட்டரை வையுங்கள். 12.5, 12.6 இருந்தால் சரி. முழுக்க ஏற்றிய பேட்டரி ஒரே ராத்திரியில் 12.2-க்கு வந்துவிட்டால், மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு ராத்திரி பாருங்கள். கழற்றி வைத்தால் இறங்கவில்லை என்றால் வண்டியில் ஏதோ ஒன்று குடிக்கிறது: டயோடு, டிக்கி விளக்கு, வெளிக்கடையில் போட்ட ஸ்டீரியோ. கழற்றி வைத்தும் இறங்கினால், இப்போது பேட்டரி கடைக்குப் போகலாம்.